பயணத்தின் நடுவில் முட்டி வலி: எத்தனை நாள் வேனில், எப்போது மறுபடி சைக்கிளில்?

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் 12 நாள் சைக்கிள் பயணத்தில் இருக்கிறோம். தினமும் சராசரியாக 90 கி.மீ. சாமான்களுக்காக ஒரு வேன் கூடவே வருகிறது. எனக்கு வயது 41. புறப்படும் இடத்துக்கு சைக்கிள்களை வண்டியில் ஏற்றி வந்ததால் சீட் கம்பிகளைக் கழற்றி, அங்கே போய்த் திரும்ப மாட்டினோம். 3-ஆம் நாள் ஓர் ஏற்றத்தில் வலது முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. கீழே விழவில்லை, அடியும் படவில்லை. 4-ஆம் நாள் ஐப்யூபுரூஃபென் வலி மாத்திரை போட்டுக்கொண்டு 95 கி.மீ. ஓட்டினேன். அன்று இரவு கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடியவில்லை. இன்று 5-ஆம் நாள், முழுக்க வேனில் வந்தேன். வீக்கம் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. "சூடு ஏறினால் சரியாகிவிடும், ஓட்டு" என்று சிலர் சொல்கிறார்கள். எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? நீகேப் போட்டு ஓட்டலாமா? 9-ஆம் நாள் பெரிய மலையேற்றம் இருக்கிறது. என்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் பெரிய கவலை. ஊருக்குத் திரும்பிவிடட்டுமா?

பதில்: திரும்பிப் போகும் முடிவை இன்று எடுக்காதீர்கள். நாளையும் வேனிலேயே வாருங்கள். 7-ஆம் நாள் காலையில் முட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மிச்சமுள்ள 7 நாளில் நாலைந்து நாளாவது கொஞ்ச தூரம் ஓட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. 7 நாளும் முழுத் தூரம் ஓட்ட முடியாது. அந்த ஆசையை இன்றிரவே விட்டுவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

முதலில், வேனில் ஓய்வெடுத்தால் போதாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்கிற அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். முட்டி சூடாகிச் சிவந்து வீங்குவது, கூடவே காய்ச்சல் வருவது. நாலு அடி கூட எடுத்து வைக்க முடியாமல் போவது. முட்டியை 90 டிகிரி வரை மடக்க முடியாமல் போவது, அல்லது ஏதோ தடுத்தாற்போல் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது. நடக்கும்போது கால் திடீரென்று மடங்கி விழப் பார்ப்பது. ஒரு காலில் மட்டும் கெண்டைத் தசை வீங்கி, தொட்டால் வலிப்பது. நெடுநேரம் உட்கார்ந்தே பயணம் செய்பவருக்கு இது இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், கூடவே மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம் கூடக் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதனால்தான் பயணத்துக்குள்ளேயே இதைச் சமாளிக்கலாம் என்கிறேன். வழியில் இவற்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டினால் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

முட்டியின் முன்பக்க வலி, ஏற்றத்தில் தொடங்கியது, படி இறங்கும்போது கூடியது, மடக்கி உட்கார்ந்து எழுந்தால் பிடிப்பது. இந்த நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான பகுதி தாங்கக்கூடியதற்கு மேல் அழுத்தம் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். வலி எங்கே என்று ஒரே புள்ளியில் காட்ட முடியாமல், சில்லைச் சுற்றி உள்ளங்கையால் வட்டம் போட்டுக் காட்டத் தோன்றினால் இதுதான். அப்படியில்லாமல் சில்லின் கீழ் முனையில் ஒரே இடத்தில், அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், சில்லையும் முன்னங்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில் பிரச்சினை. இரண்டுக்கும் அடுத்த சில நாள் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. முட்டியின் வெளிப்பக்க வலி, பின்பக்க வலி என்றால் கணக்கு வேறு. பின்பக்க வலிக்கு சீட் உயரம் கூடிப்போனது பெரும்பாலும் ஒரு காரணம். உங்களுக்கு நேர் எதிராக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சீட் கம்பியைப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, கம்பியைக் கழற்றி மாட்டிய விஷயம். கண்ணளவில் மாட்டும்போது ஒரு சென்டிமீட்டர் கீழே போய்விடுவது சர்வசாதாரணம். சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அதிகமாக மடங்கும். அதிகம் மடங்கிய நிலையில் பெடலை மிதிக்கும்போது சில்லு தொடை எலும்பின் மேல் கூடுதலாக அழுந்தும். 90 கி.மீ.-ஐ மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் நாலரை மணி நேரம். நிமிடத்துக்கு 75 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு காலும் ஒரு நாளில் 20,000 தடவைக்கு மேல் மிதிக்கிறது. ஒரு மிதியில் கூடும் அழுத்தம் சின்னதுதான். மூன்று நாளில் அது அறுபதாயிரம் தடவை சேர்ந்திருக்கிறது.

இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். சீட் கம்பியைத் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பல மாதம் ஒரே உயரத்தில் இருந்த கம்பியில், கிளாம்ப் (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) பிடித்திருந்த இடத்தில் மெல்லிய வளையம் போல ஒரு தடம் இருக்கும். அதற்கு மேலே அழுக்கு, கீழே பளபளப்பு. அந்தத் தடம் இப்போது குழாய்க்குள்ளே மறைந்திருந்தால் சீட் இறங்கியிருக்கிறது. மெல்ல மேலே இழுத்து, தடம் கிளாம்பின் விளிம்புக்கு வருகிற இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு மாறியது என்று அளந்து வையுங்கள். பழகிய பழைய உயரம் அது என்பதால் ஒரே தடவையில் அங்கே கொண்டுபோகலாம்.

தடம் எதுவும் தெரியாவிட்டால் குதிகால் சோதனை. சைக்கிளைச் சுவரை ஒட்டி நிறுத்தி ஏறி உட்காருங்கள், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால், அதே இடத்தில் முட்டி சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். நண்பர் ஒருவரை முட்டியின் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னால் கோணம் தெரிந்துவிடும். இந்த வழியில் சரிசெய்வதானால் ஒரு நேரத்தில் 3 முதல் 5 மி.மீ. மட்டும் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு ஓட்டும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ, பெடலை எட்டக் கால் விரலை நீட்ட வேண்டியிருந்தாலோ, முட்டியின் பின்னால் இழுத்தாலோ அதிகமாகிவிட்டது. கம்பி குறைந்தது எதுவரை குழாய்க்குள் இருக்க வேண்டும் என்று காட்ட அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது.

சீட் முன்னோக்கி நகர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சீட்டின் அடியில் தண்டவாளம் போல இருக்கும் இரண்டு கம்பிகளிலும் பழைய பிடியின் தடம் இருக்கும். பிறகு கிளாம்ப் போல்ட்டை அதிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு முறுக்குங்கள், பெரும்பாலும் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர். கார்பன் கம்பியாக இருந்தால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், விரிசல் விடும். இறுக்கிய பின் கிளாம்புக்குச் சற்று மேலே கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஓட்டும்போது கம்பி வழுக்கி இறங்கினால் டேப் சுருண்டு காட்டிக்கொடுக்கும்.

ஷூவின் கிளீட்டை (பெடலில் மாட்டிக்கொள்ளும் அடிப்பகுதிப் பிடி) இப்போது தொடாதீர்கள். வலி வந்ததும் சீட், கிளீட், ஹேண்டில் என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றுகிறவர்கள் உண்டு. பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"சூடு ஏறினால் சரியாகிவிடும்" என்கிற நண்பர்கள்

அவர்கள் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வலி, குறிப்பாகத் தசைநாண் வலி, முதல் பத்து இருபது நிமிடத்தில் குறையத்தான் செய்யும். அதை நம்பி 90 கி.மீ. போனால் இரவிலும் மறுநாள் காலையிலும் மொத்தமாகத் திரும்பி வரும். உங்கள் 4-ஆம் நாளில் நடந்ததும் இதுதான், கூடவே மாத்திரையும் வலியை மறைத்துக்கொண்டது. ஆகவே ஓட்டும்போது முட்டி எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலை படுக்கையை விட்டு எழுந்து முதல் முறை படி இறங்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் அளவுகோல். நேற்றுக் காலையைவிட இன்று காலை மோசமென்றால் நேற்று செய்தது அதிகம். அதே அளவு அல்லது தேவலை என்றால் நேற்று செய்ததை முட்டி தாங்கிவிட்டது.

நாளை வேனில் என்ன செய்வது

ஓய்வு என்றால் காலை அசைக்காமல் வைப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வலிக்கு அது உதவாது. வேன் இருக்கையில் முட்டியை மடக்கியே மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், ஓட்டாமலே சில்லு அழுந்திக்கொண்டிருக்கும். இன்று உங்களுக்குப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். கால் நீட்ட இடம் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வலது காலை நீட்டி ஒரு பையின் மேல் வையுங்கள். அரை மணிக்கொரு தடவை கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். வேன் நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கி, சமதரையில் ஐந்து பத்து நிமிடம் நடங்கள்.

ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. அது காயத்தை ஆற்றுவதில்லை, வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். சூடேற்றும் தைலத்தைத் தேய்த்து அதன் மேலேயே நீகேப்பை இறுக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தோல் பொசுங்கிக் கொப்புளமாகும், பிறகு வலி தீர்ந்தாலும் அந்தப் புண்ணால் ஓட்ட முடியாது. வலிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி நீவிவிடவும் வேண்டாம். தொடையின் முன் தசையை மேலாக, சில்லுக்கு ஒரு சாண் தள்ளி, மெல்ல நீவலாம்.

பயிற்சி மூன்று போதும். முதலாவது: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டைக் கீழே நசுக்குவது போலத் தொடையை இறுக்கி 10 விநாடி பிடித்து விடுங்கள், பத்து முறை, காலை, மதியம், இரவு. இரண்டாவது: மல்லாந்து படுத்து, இடது காலை மடக்கி, வலது காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்கி மெல்ல இறக்குவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. மூன்றாவதை மாலையில் முயன்று பாருங்கள்: முதுகைச் சுவரில் சாய்த்து, முட்டி 45 டிகிரி அளவுக்கு மட்டும் மடங்கும்படி சறுக்கி இறங்கி, அங்கேயே 30 முதல் 45 விநாடி நிற்பது, இடையில் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. நாற்காலியில் உட்காருவது போல 90 டிகிரிக்கு இறங்க வேண்டாம். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து என்று வைத்துக்கொண்டு, பத்துக்கு மூன்றுக்கு மேல் வலித்தால் இன்னும் மேலே ஏறி நில்லுங்கள். அப்போதும் வலித்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள்.

ஓய்வு நாளைக் கெடுக்கும் வேலைகள் சில உண்டு. சைக்கிளில்தான் போகவில்லையே என்று நூறு படி ஏறி ஏதாவது ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது முதலாவது. படி இறங்கும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல சுமார் மூன்று மடங்கு. சமதரையில் லேசான கியரில் சைக்கிள் ஓட்டுவதைவிட அது மோசம். குந்தி உட்கார்ந்து மற்றவர்களின் டயரை மாற்றிக் கொடுப்பது, தண்ணீர்க் கேன் தூக்கி வேனில் ஏறி இறங்குவது, இவையும் அதே வகை. உதவ ஆசை இருந்தால் நின்றபடி செய்யும் வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பாட்டில் நிரப்புவது, வழியைப் பார்த்துச் சொல்வது, தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே பேசுவது. சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஓட்டவில்லை என்பதற்காகப் பட்டினி கிடந்தால் ஆற வேண்டிய திசுவுக்கும் கிடைக்காது, இரண்டு நாள் கழித்து ஓட்டும்போது காலில் வலுவும் இருக்காது. நாலைந்து நாள் ஓட்டாததால் உடல் தகுதி பெரிதாகக் குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். குறையாது.

சைக்கிளை வேனில் படுக்க வைப்பதானால் செயின் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கட்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வழியில் யாராவது பிரேக்கை அழுத்தி, பேடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, மறுபடி ஓட்டத் தயாராகும் காலையில் சக்கரம் உள்ளே போகாது.

7-ஆம் நாள் காலைச் சோதனை

எழுந்ததும் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து இரு முட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். சில்லின் இரு ஓரத்திலும் சின்னக் குழிகள் தெரியும். வலது முட்டியில் குழி நிரம்பிச் சமமாகத் தெரிந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. அன்று ஓட்டக் கூடாது.

குழி இருந்தால் பத்து நிமிடம் சமதரையில் நடங்கள். வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, நொண்டவும் கூடாது. அடுத்து 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள ஒரு படியில் வலது காலில் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும் அளவுக்கு மெல்ல இறங்கி ஏறுங்கள், ஐந்து முறை. பிறகு கால் மாற்றிச் செய்து ஒப்பிடுங்கள். வலது பக்கம் வலி மூன்றுக்குள் இருந்து, முட்டி உள்ளே சாயாமல் நேராக இருந்தால் சைக்கிளில் ஏறலாம். இல்லையென்றால் அன்றும் வேன், மறுநாள் காலை மீண்டும் இதே சோதனை. மாத்திரை போட்ட எட்டு மணி நேரத்துக்குள் செய்த சோதனையை நம்பாதீர்கள்.

முதல் நாள் 20 முதல் 25 கி.மீ. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம், எவ்வளவு நன்றாக இருந்தாலும். அந்தத் தூரத்தைக் காலையில் புறப்படும்போதே ஓட்டிவிடுங்கள். கடைசி 25 கி.மீ.-ஐ மற்றவர்களோடு ஓட்டி முடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் மூன்று மணி நேரம் மடங்கிக் கிடந்த முட்டியோடு, வெயிலும் எதிர்க்காற்றும் ஏறிய பிறகு, ஏற்கெனவே வேகம் பிடித்துவிட்ட குழுவோடு சேர்வது மிகக் கடினமான பகுதியில் தொடங்குவதாகும். காலையில் எல்லோரும் மெதுவாகத்தான் கிளம்புகிறார்கள். வேனும் பின்னால்தான் வரும், வலித்தால் ஐந்து நிமிடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். நிமிடத்துக்கு 85 முதல் 90 சுற்று வரும்படி லேசான கியரில் சுற்றுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு வலது கால் எத்தனை முறை கீழே போகிறது என்று எண்ணினால் 21, 22 வர வேண்டும். ஒரே வேகத்தில் போக, 60 சுற்றில் மிதிப்பவர் ஒவ்வொரு மிதிக்கும் 90 சுற்றில் மிதிப்பவரைவிட ஒன்றரை மடங்கு விசை கொடுத்தாக வேண்டும். வலிக்கும் முட்டிக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம். எழுந்து நின்று மிதிக்காதீர்கள். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: நிற்கும் இடம் வருவதற்கு முன்பே, பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். கனமான கியரிலேயே நின்றுவிட்டால் கிளம்பும் அந்த முதல் நாலு மிதியும் முட்டிக்கு ஓர் ஏற்றம்தான், ஒரு நாளில் இப்படி முப்பது நாற்பது முறை கிளம்ப வேண்டியிருக்கும்.

முதல் பதினைந்து நிமிடத்தில் வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, அப்படியே நின்றாலோ குறைந்தாலோ தொடரலாம். ஏறிக்கொண்டே போனால் இறங்கிவிடுங்கள். வலியைத் தவிர்க்க இடது காலால் அதிகம் மிதிப்பதாகவோ, இடுப்பைத் திருப்பி உட்காருவதாகவோ உணர்ந்தாலும் இறங்கிவிடுங்கள். இப்படி இரண்டு நாள் ஓட்டியவர்கள்தான் இடது முட்டி வலியோடும் இடுப்பு வலியோடும் வருகிறார்கள்.

மறுநாள் காலை முட்டி முந்தைய காலையைவிட மோசமாக இல்லையென்றால் 8-ஆம் நாள் 35 முதல் 40 கி.மீ. 9-ஆம் நாள் மலையேற்றத்தை முழுக்க வேனிலேயே கடந்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இந்தப் பயணத்தில் உங்கள் முட்டியைக் கெடுக்கக்கூடிய ஒரே பெரிய கண்டம் அந்த ஏற்றம். உச்சியில் இறங்கி மறுபக்கச் சரிவில் நண்பர்களோடு வரலாம், காலைச் சோதனை நன்றாக இருந்தால். இறங்கும்போது காலை மடக்கி ஒரே நிலையில் வைக்காமல், விசை கொடுக்காமல் பெடலை அவ்வப்போது சுற்றிக்கொண்டே வாருங்கள். குளிர்காற்றில் முட்டியை மூடிக்கொள்ளுங்கள். 10-ஆம் நாள் 50 முதல் 55. 11-ஆம் நாள் முழு ஓய்வு, வலி இல்லாவிட்டாலும். 12-ஆம் நாள் எல்லாம் சரியாக இருந்தால் 60, 70 கி.மீ. ஓட்டி, நடுவில் ஒரு பகுதியை வேனில் கடந்து, கடைசிக் கிலோமீட்டர்களை எல்லோரோடும் சேர்ந்து முடிக்கலாம். நடுவில் எந்தக் காலையிலாவது சோதனை தவறினால் ஒரு நாள் வேன், அதற்குப் பிறகு விட்ட இடத்துக்கு ஒரு படி குறைவாகத் தொடங்குங்கள். இரண்டு முறை தவறினால் இந்தப் பயணத்தில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு வேனில் கூட வாருங்கள், அல்லது அப்போது திரும்பிப் போங்கள்.

மாத்திரை, நீகேப்

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. முட்டி கொடுக்கும் ஒரே எச்சரிக்கையை அது அமுக்கிவிடுகிறது. அது தவிர, வியர்த்து நீர் வற்றிய உடலில் ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நெடுந்தூரம் ஓட்டும் நாளில் இது நிஜமான ஆபத்து. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம். இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தால் பாராசிட்டமால் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை எடுக்கலாம். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளில் மொத்தம் 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் இதற்கும் மருத்துவரைக் கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் இன்னொரு மருந்தும் சேர்ந்தே இருக்கும். நண்பர் கொடுத்ததையும் உங்களுடையதையும் சேர்த்துப் போட்டு அளவு மீறுவது இப்படித்தான்.

நீகேப் போடுவதில் தப்பில்லை. கொஞ்சம் தெம்பு கொடுக்கும், சூடாக வைத்திருக்கும். முட்டியின் பின்னால் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் 20 கி.மீ.-க்குள் பின்மடிப்பில் தோல் உரிந்துவிடும். நீகேப் போட்டால்தான் ஓட்ட முடிகிறது என்ற நிலை இருந்தால் அன்று ஓட்டும் நாள் அல்ல.

குழுவுக்குப் பாரமா?

இந்தக் கவலையை எண்ணாகப் போட்டுப் பாருங்கள். குழு மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போனால் 90 கி.மீ.-க்கு நாலு மணி ஐந்து நிமிடம். வலியோடு நீங்கள் 15-இல் ஓட்டி, உங்களைத் தனியே விட மனமில்லாமல் எட்டுப் பேரும் கூடவே வந்தால் ஆறு மணி நேரம். எட்டுப் பேர் தலா இரண்டு மணி நேரம் கூடுதலாக வெயிலில். நீங்கள் வேனில் ஏறினால் அவர்களுக்கு ஒரு நிமிடமும் நஷ்டமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது, திட்டத்தை இன்றிரவே தலைவரிடமும் வேன் ஓட்டுநரிடமும் சொல்லிவிடுவது. ஓட்டும் நாளில் எத்தனையாவது கிலோமீட்டரில் இறங்குவேன், அங்கே வேன் நிற்குமா, அதற்கு முன்னால் 10-ஆவது கிலோமீட்டரில் ஒரு முறை நிற்க முடியுமா என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில், எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் முடியும். தலைவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள்: "உன்னால் முடியுமா?" என்று கேட்காதீர்கள், யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "காலையில் படி இறங்கும்போது பத்துக்கு எத்தனை வலித்தது?" என்று கேளுங்கள்.

ஓட்டும் நாட்களில் வரிசையில் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் இருங்கள். முன்னால் போய்க் காற்றை வாங்காதீர்கள். பாவம் மெதுவாக வரட்டும் என்று கடைசியில் விடுவதும் தப்பு. முன்னால் ஒருவர் லேசாக வேகம் குறைத்துக் கூட்டினால் கடைசி ஆளிடம் வருவதற்குள் அது ஒரு பிரேக்கும் ஒரு துரத்தலுமாக மாறிவிடும். ஒவ்வொரு துரத்தலும் முட்டிக்குக் கனமான மிதி. உங்கள் சைக்கிளில் பை, பூட்டு, கருவிகள் எதுவும் வேண்டாம், தண்ணீர் பாட்டில் போதும்.

வேன் இல்லாத குழுவில் இதே நிலை வந்தால் இரண்டே வழி. குழு ஓரிடத்தில் இரண்டு இரவு தங்குவது. அல்லது காயப்பட்டவர் பேருந்திலோ ரயிலிலோ இரண்டு நிறுத்தம் முன்னே போய் அங்கே ஓய்வெடுத்துக் காத்திருப்பது. இரண்டாவது பொதுவாக நல்லது. அங்கே போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லும் நேரத்தை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பயணம் முடிந்த மறு வாரமே விட்ட தூரத்தைப் பிடிக்க நீண்ட ஓட்டம் வேண்டாம். இரண்டு வாரம் 30, 40 கி.மீ. சமதரை ஓட்டமே போதும். கூடவே மேலே சொன்ன படி இறங்கும் சோதனையையே பயிற்சியாக, வாரம் மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று தடவை, குறைந்தது ஆறு வாரம் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்தும் படி இறங்கும்போது வலித்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது சைக்கிளையும் ஓட்டும் ஷூவையும் எடுத்துச் செல்லுங்கள், சீட் எத்தனை மில்லிமீட்டர் மாறியிருந்தது என்பதையும் எந்தெந்த நாளில் எவ்வளவு ஓட்டினீர்கள், மறுநாள் காலை வலி எத்தனை என்பதையும் எழுதி வைத்த தாளையும் சேர்த்து.